ஊரெல்லாம் தெரிந்த முகம்

“என் போட்டோ மட்டும் வேணாம் மேடம். பையை வேணா படம் எடுத்துக்குங்க,” என்று கெஞ்சினாள் கஸ்தூரி.

“என்ன வெட்கம்? உங்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் தொழில் ஆரம்பிப்பாங்க,” என்றாள், வைட்ஃபீல்டில் கைவினைக் கண்காட்சி நடத்தும் ஷ்ரேயா.

சந்தாபுராவில் பத்துப் பெண்களை வைத்துச் சணல் பை தைக்கும் கஸ்தூரி, அரைமனதாகச் சிரித்தாள். ‘சொந்தக் காலில் நிற்கும் பெண்’ என்ற தலைப்போடு அந்தப் படம் போன் போனாகச் சுற்றியது. ஆர்டர்கள் குவிந்தன.

மறுவாரம் ஷ்ரேயா உற்சாகமாகக் கூப்பிட்டாள்.

“போட்டோவைப் பார்த்துட்டு சேலத்துலேர்ந்து ஒருத்தர் உங்க அட்ரஸ் கேட்டார். கொடுத்துட்டேன். உங்க வீட்டுக்காரராமே, சொல்லவே இல்ல! சர்ப்ரைஸா இன்னைக்கே வர்றாராம்.”

கஸ்தூரி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

தன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றியவனிடமிருந்து அவள் தப்பி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.