மருந்து ரூம் படை

மாரிசெல்வியை எதிரிகள் மூன்று பக்கமும் வளைத்துவிட்டார்கள். முனியராஜ் அவளைத் தப்புவிக்க வழி தேடினான்.

கட்டிலில் கிடந்த பழைய காலண்டர் அட்டைதான் போர்க்களம். கழித்துப்போட்ட தீக்குச்சிகளைக் களிமண் உருண்டையில் குத்தி நிறுத்தினால் படை தயார்: ஒரு தளபதி, ஏழு சிப்பாய்கள். நடுவில் ஒரு தீப்பெட்டி, அதுதான் வெடிமருந்து கலக்குகிற மருந்து ரூம். அது விழுந்தால் ஆட்டம் காலி.

கடையில் விற்கிற பொம்மைச் சிப்பாய்களை வாங்க அவனுக்கு ஏது வக்கு? குச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால், பட்டாசு கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்தவர்களின் பேர்களைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தான். தளபதிக்கு மட்டும் பெண்டாட்டி பேர்.

போன வருஷம் வெடிவிபத்தில் இடுப்பொடிந்து அவன் படுத்ததிலிருந்து, மாரிசெல்விதான் வேன் ஏறி அதே கம்பெனிக்குப் போகிறாள். சாயங்காலம் அவள் வாசல் மிதிக்கும்வரை அவன் உயிர் அவனிடம் இருக்காது. இந்த விளையாட்டு மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ பைத்தியம் பிடித்திருக்கும்.

எதிராளி ஆல்பின், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவனிடமும் இதே மாதிரி அட்டையும் இரண்டு படைகளும் உண்டு, சண்டையெல்லாம் போனில்தான். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணை முதலில் சொல்லிவிட்டுத்தான் யார் செத்தது என்று சொல்வான்.

இப்போது ஆல்பின் முறை. போன் அடித்தது.

"அண்ணே... மருந்து ரூம் போச்சுண்ணே." ஆல்பினின் குரல் கம்மியிருந்தது. "செல்லச்சாமி, பெத்தணன், சொர்ணலட்சுமி... மொத்தம் ஏழு பேரு போயிட்டாக."

ஒரு மாதமாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய படை! ஏழு குச்சிகளையும் முனியராஜ் பிடுங்கித் தரையில் வீசினான்.

"ஒரே அடியில ஏழு பேரா? ஏலே, கட்டையில என்ன விழுந்துச்சு? அத மொதல்ல சொல்லு!"

"நான் சொல்றதக் கேளுங்கண்ணே. மாரிசெல்வி மட்டும் தப்பிச்சிட்டாக."

"அவ ஒருத்திய வச்சுக்கிட்டு நான் என்னத்தலே செய்ய? அவளும் போய்த் தொலையட்டும்!"

கடைசிக் குச்சியையும் பிடுங்கினான். மறுமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம்.

"அண்ணே, நான் இன்னும் ஆடவே இல்ல... இந்தாங்க, அக்கா பேசுறாக."