கலந்துட்டா ரிட்டன் கிடையாது

“பிள்ளை தூங்குற ரூமுக்கு இந்தக் கலரா? ரூமா, இல்ல ஜூஸ் கடையா?” முனீஸ்வரி கலர் அட்டையை மேசையில் போட்ட வேகத்தில், பெயிண்ட் கடைக்காரர் சின்னச்சாமியின் டீ தளும்பியது.

“பன்னீர் திராட்சைக் கலருங்க. கம்பத்துல இருந்துக்கிட்டுத் திராட்சையப் பழிக்கலாமா?” என்றான் விஜயபாண்டி.

“பட்டப்பகல்லயே இருட்டிப் போகும். நாத்துப் பச்சை அடிச்சா கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கும்.”

“பாசி பிடிச்ச மாதிரியும் இருக்கும். ஜன்னலத் தெறந்து வச்சா எந்தக் கலருக்கும் வெளிச்சம் வந்துரும்ங்க. மேக்க, மலையப் பாத்து ஒரு ஜன்னல்.”

“மேக்கயா? சாயங்கால வெயில் பிள்ளை மூஞ்சிலயா அடிக்கணும்? கிழக்க வைங்க!”

சாரலுக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர்களை, “எந்த ரூமுக்குப் பெயிண்ட்டு?” என்று சின்னச்சாமிதான் கேட்டார். “பிள்ளை ரூமுக்கு” என்று விஜயபாண்டி சொல்லி வைத்தான். அவ்வளவுதான். வெளியே சாரல் எப்போதோ நின்றுவிட்டது, உள்ளே இவர்கள் சண்டை நிற்கிற வழியைக் காணோம்.

கலர் அட்டைக்கு முன்னால் சண்டை போடாத ஜோடியைச் சின்னச்சாமி இருபது வருடமாகப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

“தம்பி, பொண்டாட்டிய இம்புட்டு மரியாதையா வாங்க, போங்கன்னு பேசுற ஆள இன்னைக்குத்தான்யா பாக்குறேன்!”

விஜயபாண்டிக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. முனீஸ்வரி கலர் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டுவிட்டது.

“ஐயய்யோ, மூணே முக்கால்! நாலு மணிக்குள்ள பேசி ஒரு முடிவச் சொல்லணும்னு எங்கப்பா சொல்லி அனுப்பியிருக்காக. இல்லாட்டி அவுகளா ஒரு முடிவு எடுத்துருவாக.”

விஜயபாண்டியும் கடிகாரத்தைப் பார்த்தான். ‘பச்சையே இருக்கட்டும்’ என்று சொல்லிவிடலாமா? இன்றைக்கு ஒருநாள் பொய்யாகத் தலையாட்டினால் காலமெல்லாம் ஆட்ட வேண்டியிருக்குமே என்று நாக்கைக் கட்டுப்படுத்திக்கொண்டான்.

சின்னச்சாமி பஞ்சாயத்துக்கு வந்தார். “பொதுவா நான் ஒரு கலர் சொல்லுறேன். பிள்ளை ஆணா, பொண்ணா?”

“பையன்” என்றான் விஜயபாண்டி.

“பொண்ணு” என்றாள் முனீஸ்வரி, அதே நொடியில்.

சின்னச்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்து விழித்தார். பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். “அட, இன்னும் பிறக்கவே இல்லையா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஆத்தா, நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. இம்புட்டு நேரம் நிக்கலாமா? எத்தன மாசம்?”

முனீஸ்வரிக்குப் புரையேறியது. “அதுக்கு இன்னும் நாள் கெடக்குண்ணே,” என்று விஜயபாண்டி அவசரமாக முந்திக்கொண்டான்.

ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவள், அவனை நேராகப் பார்த்தாள். இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை. “ஒரே ஒரு கேள்வி. அவ செவுத்துல கிறுக்குனா என்ன செய்வீக? சின்னப் பிள்ளையில நான் அதுக்கு வாங்குன அடி கொஞ்சநஞ்சம் இல்ல.”

விஜயபாண்டி யோசிக்கவே இல்லை. “நானும் கூட உக்காந்து கிறுக்குவேன். மூணு செவுரு உங்க பச்சை, ஒத்தச் செவுரு மட்டும் என் திராட்சை. சாக்பீஸ்ல கிறுக்குனா இருட்டுக் கலர்லதான பளிச்சுன்னு தெரியும்? அதுக்குத்தாங்க அந்தக் கலரக் கேட்டேன்.”

அரை மணி நேரமாக வரிந்து கட்டிக்கொண்டு நின்ற முனீஸ்வரிக்கு, தோற்றுப்போனதில் இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வந்ததோ!

சின்னச்சாமி திராட்சைக் கலருக்கு டப்பாவை எடுத்து மெஷினில் வைத்தார். விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு திரும்பினார்.

“இங்கன பாரு ஆத்தா, ஒருதரம் கலந்துட்டா ரிட்டன் கிடையாது. அப்புறம் பிடிக்கலன்னு வந்து நிக்கக் கூடாது. நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவள் கலர் அட்டையைப் பார்க்கவில்லை. விஜயபாண்டியைத்தான் பார்த்தாள்.

“யோசிச்சுட்டேண்ணே. கலந்துருங்க.”

மெஷின் டப்பாவைக் கடகடவென்று உலுக்கத் தொடங்கியது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. முனீஸ்வரி செல்போனை எடுத்து, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

“அப்பா, மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கு!”