கிணற்றடி ஆப்பிள் மரம்

கோடரியை ஓங்கியவன் அப்படியே நின்றான்.

மரத்துக்கும் கோடரிக்கும் நடுவே அவன் மனைவி வந்து நின்றிருந்தாள்.

காலையிலிருந்து நாற்பத்தொரு ஆப்பிள் மரங்கள் சாய்ந்துவிட்டன. வெர்மான்ட் மலைகளில் அந்த வருடம் அப்படித்தான். அமெரிக்கா பிறந்து அறுபது வருடம்கூட நிறையவில்லை, அதற்குள் எல்லோரும் திருந்தியாக வேண்டுமாம். மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டவன், கள்ளுக்கென்று வளர்த்த ஆப்பிள் மரங்களைத் தன் கையாலேயே வெட்ட வேண்டும். தின்கிற பழமென்றால் மரம் பிழைத்துப்போகும்.

அவன் போன ஞாயிறு கையெழுத்துப் போட்டிருந்தான். பிரசங்கம் அத்தனை நீளம். தொடங்கும்போது அடைக்கு உட்கார்ந்த கோழி, ஆமென் சொல்வதற்குள் குஞ்சுகளோடு வெளியே போய்விட்டது.

மிச்சம் இந்தக் கிணற்றடி மரம். அடிமரத்தில், வெட்டியாக வேண்டுமென்று டீக்கன் எசேக்கியா சுண்ணாம்புக்கட்டியால் போட்ட பெருக்கல் குறி. தேவாலயத்து மூப்பரான அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டு மரத்தின் குச்சி ஒன்றை, காயாமலிருக்க உருளைக்கிழங்கில் செருகி, ஒன்பது நாள் மாட்டுவண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அதை ஒட்டுக்கட்டி வளர்த்த மரம்.

அம்மா இப்போது இல்லை. அந்த வீடும் இல்லை.

"சாப்பிடுற பழந்தாங்க ஐயா இது."

டீக்கன் அவளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

"நீ சொல்லு தம்பி. நீ சொன்னா சரி."

ஊருக்கே தெரியும், அவன் பொய் சொல்ல மாட்டான். ஒருமுறை குதிரை விற்கப் போய், வாங்க வந்தவரிடம் அதன் குறைகளை ஒன்று விடாமல் சொன்னான். கடைசியில் குதிரை அழுதுவிட்டது.

அந்தப் பழமோ, அதைக் கொத்திய காகம் ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டே பறந்தது. பன்றிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். ஆனால் பீப்பாயில் ஊறிவிட்டால், ஒரே குவளையில் ஊமையும் சங்கீதம் பாடுவான், அதுவும் நாலு குரலில். டீக்கனே பாடியிருக்கிறார். அது கையெழுத்துக்கு முந்தைய காலம்.

அவன் கோடரியைக் கீழே வைத்தான்.

ஒரு பழத்தைப் பறித்தான். கடித்தான்.

மென்றான்.

காதுகள் இரண்டும் மெல்ல மேலே ஏறின. இடது கண் தானாக மூடிக்கொண்டது.

டீக்கன் இனிப்பா என்று கேட்டார்.

வாய் நிறையப் பழம். பதில் சொல்ல வழியில்லை.

காம்புவரை தின்று முடித்தான். டீக்கன் மறுபடி கேட்பதற்குள் இரண்டாவதைக் கடித்துவிட்டான்.

பிறகு மூன்றாவது.

கன்னத்தில் நீர் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

டீக்கன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத பழமா? கைக்குட்டையை எடுத்து, அடிமரத்துக் குறியை மெதுவாகத் துடைத்தார். அவள் ஒரு பழத்தை நீட்டினாள். அவசரமாகக் கையை ஆட்டிவிட்டு நடந்தார்.

அவர் சாலை வளைவில் மறையும்வரை அவன் மென்றுகொண்டே இருந்தான்.

அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை விரித்து, துப்பச் சொல்லி அவன் வாயருகே பிடித்தாள்.

அவன் வேண்டாமென்று தலையாட்டினான்.

விழுங்கினான்.