தொடக்க அளவு

"நான் செஞ்ச தோட்டாவைத் தொடாதேன்னு என் மகள்கிட்டயே சொன்னியாமே, மாப்ள? அவ்வளவு தூரத்துக்கு வந்துட்டியா?"

பிக்கப் வண்டியின் கதவைக்கூடச் சாத்தாமல், மருமகன் டெல்பர்ட்டின் கொட்டகைக்குள் நுழைந்தார் வெர்லன். மோன்டானாவில் மறுநாள் விடிந்தால் மான் வேட்டை தொடக்கம். மகள் ஜோலீனுக்காக அவர் தம் கையாலேயே வெடிமருந்து அடைத்துக் கொடுத்த தோட்டாப் பெட்டி மேசைமேல் கிடந்தது. அதனருகே, மருந்தளவுப் புத்தகம் ஒன்று விரிந்திருந்தது. அதைக் கண்டதும் அவருடைய சினம் இருமடங்காயிற்று.

"மாமா, அந்தப் பெட்டியில..."

"பேசாதே. நீ தோட்டா அடைக்கக் கத்துக்க ஆரம்பிச்சு முழுசா ஒரு மாசம் ஆகல. நான் உன் பொண்டாட்டி பொறக்கறதுக்கு முன்னாடியே அடைச்சவன்."

"புதுசா ஆரம்பிக்கிறவன் புத்தகத்துல இருக்கிற குறைஞ்ச அளவுலதான்..."

"அதை எழுதினவன் வக்கீலுக்குப் பயந்து எழுதியிருக்கான். அந்த அளவுல சுட்டா மான் சாகாது. திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்."

"மேசையில ஒரு நேரத்துல ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும்னும் போட்டிருக்கு மாமா. உங்க மேசையில நாலு திறந்து கெடக்கு."

"நாப்பது கெடக்கட்டுமே. ரைஃபிள் மருந்து பென்சில் முனை மாதிரி குச்சி குச்சியா இருக்கும். கைத்துப்பாக்கி மருந்து மீன் செதில் மாதிரி தட்டையா இருக்கும். அதை இதுல போட்டா சுடறவன் மூஞ்சியே மிஞ்சாது. இதெல்லாம் நீ எனக்குப் பாடம் நடத்துறியா? உப்பு எது சர்க்கரை எதுன்னு உன் மாமியாருக்கு யாராவது சொல்லிக் குடுக்கணுமா?"

டெல்பர்ட் மீண்டும் வாய் திறந்தான். வெர்லன் மேசையை ஓங்கித் தட்டினார். பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை உருவி, சுவரோரம் சாய்ந்திருந்த ஜோலீனின் ரைஃபிளையும் எடுத்துக்கொண்டு, பின்புறத்து மண்மேட்டை நோக்கி நடந்தார்.

"இப்ப சுடறேன். துப்பாக்கி சிதறினா என்னை இங்கேயே பொதைச்சுடு. சிதறலைன்னா, நாளைக்கு ஜோலீன் கையில இந்தப் பெட்டியை நீயே குடுக்கணும். குடுத்துட்டு என்கிட்ட மன்னிப்பும் கேக்கணும்."

மருமகன் தடுப்பான் என்று அவர் எதிர்பார்த்தார். அவனோ காதடைப்பானை மட்டும் நீட்டினான். அந்த அமைதி அவரை மேலும் எரியச் செய்தது.

வெடியோசை குன்றில் மோதித் திரும்பியது. மேட்டின்மேல் நின்ற பழைய பெயின்ட் டப்பா எகிறி விழுந்தது.

"பார்த்தியா? எங்கே சிதறிச்சு? சொல்லு, எங்கே சிதறிச்சு?" என்று கர்ச்சித்தவர், சட்டென்று தோளைத் தடவிப் பார்த்தார். உதைத்ததாகவே தெரியவில்லை. "என்ன இது, இவ்வளவு சாதுவா இருக்கு?"

"அதுதான் குறைஞ்ச அளவு, மாமா. பெட்டியில இருக்கிறது எல்லாமே, இன்னிக்குக் காலையில நான் பிரிச்சு, புது மருந்து வாங்கிப் போட்டு அடைச்சது."

"என் தோட்டாவைப் பிரிச்சியா? யாரைக் கேட்டுப் பிரிச்சே?"

டெல்பர்ட், "உங்க மருந்து" என்று மட்டும் சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தான்.

வெர்லன் சினம் தணியாமலேயே மூடியைத் திருகி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு குச்சிகூட இல்லை. அடிவரை மீன் செதில்.