எவ்வளவு குடித்தது?

முன்பெல்லாம் புளித்துப் போனதைக் கீழே கொட்டுவார்கள். இப்போது கண்ணாடி ஜாடியில் ஊற்றி, வாயில் துணி கட்டி, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள்.

கிழவர் அதை வெளியே சொல்லவில்லை. மிருக டாக்டரின் மேசைமேல் அவருடைய நாய் துரை நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. விடிந்ததிலிருந்து நாலு வாந்தி. நிறுத்திவைத்தால் பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கம் போயின.

ஒரு கையால் அதன் காதைப் பிடித்திருந்தார். மறு கை, விலாவுக்குக் கீழே சட்டையை அழுத்திக்கொண்டிருந்தது.

மருமகள்தான் பேசினாள். தேயிலைத் தண்ணீரில் சர்க்கரை போட்டுப் புளிக்கவைப்பதை, அது வயிற்றுக்கு எத்தனை நல்லது என்பதை.

"நாய்க்குக் குடுக்கிறதே இல்ல டாக்டர். தரையில சிந்தினத நக்கியிருக்கும்."

"நக்கினா பயமில்ல. வயிறு முட்டக் குடிச்சிருந்தா வேற கதை. புளிச்சதுல போதை இருக்கும், நாய் தாங்காது. எவ்வளவு உள்ள போச்சு, அதச் சரியாச் சொல்லுங்க."

துரை கிழவரின் விரலை நக்கப் பார்த்தது. முடியாமல் விட்டுவிட்டது.

"ஒரு டம்ளர்" என்றார் கிழவர்.

இருவரும் திரும்பினார்கள்.

"தினமும். ரெண்டு மாசமா. நேத்து புது ஜாடி, காட்டமா இருந்துச்சு."

தினமும் காலையில் அந்த டம்ளரை நிரப்பி அவர் கையில் கொடுப்பவளே மருமகள்தான். அவர் துரை கிடக்கும் பின்வாசல் பக்கம் போவார். காலி டம்ளரோடு மீசையைத் துடைத்தபடி வருவார். "வயித்து வலி போயே போச்சும்மா" என்பார். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லி, நாலு வீட்டுக்கு ஜாடியும் கொடுத்திருந்தாள்.

டாக்டர் ஊசி போட்டார். சாயங்காலத்துக்குள் எழுந்து நிற்கும் என்றார். ஊசி போட்ட எவன்தான் அப்படிச் சொல்லவில்லை என்று கிழவர் நினைத்துக்கொண்டார்.

மருமகள் நாயைப் பார்க்கவில்லை. கிழவரின் கை அழுத்தியிருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்க வயித்து வலி, மாமா? ஒரு டாக்டர்கிட்டக் காட்டலாமே."

கிழவர் துரையின் காதை விட்டார்.

"நீ நாயைப் பாரும்மா. டாக்டர்னு சொல்லிட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா?"

வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார். விலாவுக்குக் கீழே இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.