கம்பெனி ஒட்டிய தாள்

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில், தாஹிரா ஃபிரிட்ஜின் முன் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன் கம்பெனியிலிருந்து ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் கதவிலேயே இருக்கிறது. சொந்த வீட்டுக்குக் குடிபோகும் அன்றுதான் அதை உரிக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லிவைத்திருந்தாள். இப்போது ஃபிரிட்ஜை வாங்க வந்திருக்கும் பக்கத்து வீட்டு ரஞ்சிதா, தாளுக்கு அடியில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறாள். பழுப்பேறிய தாள் முழுதாக வராமல் நகத்தளவு துண்டுகளாகக் கிழிகிறது. மிஞ்சிய பசையில் தேங்காயெண்ணெயைத் தடவித் துணியால் தேய்க்கிறாள். தெருமுனையில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. கட்டிலில் இருக்கும் அவள் கணவன் உமைர் சட்டென்று எழுந்து, காலால் செருப்பைத் தேடி, மறுபடி உட்கார்ந்துகொள்கிறான். அவனுக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. நாளை வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த ஊரான கல்லாவிக்குப் போகிறார்கள். “வுடு தாஹிரா, மீதிய அவங்க தேச்சிக்குவாங்க” என்கிறான். அவள் விடுவதாக இல்லை. ஜன்னல் வெயிலில் சிவப்புக் கதவு கடையில் நின்ற அன்றுபோலவே பளபளக்கிறது. அதில் அவள் முகம் தெரிகிறது.

“ஒரு கோடுகூட இல்லீங்கக்கா!” கதவைத் தடவிப் பார்த்த ரஞ்சிதா, போனில் புருஷனிடம் சொல்கிறாள்: “வர்றப்ப பெரிய பிளாஸ்டிக் ஷீட்டு ஒன்னு வாங்கிட்டு வந்துடுங்க. நாம சொந்த வீட்டுக்குப் போறவரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்.” தாஹிரா பசையே இல்லாத இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.