இன்னும் நாலு இலை

"ச்சு... ச்சு..."

இருட்டின பிறகு மெஸ் கூரையில் விநோதமாக ஒரு சத்தம். காலையிலிருந்து பட்டினி கிடந்து, அப்போதுதான் ஒரே ஒரு தோசையோடு உட்கார்ந்த மூஞ்சூறுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தனியாகச் சாப்பிடுகிறாளே என்று கூரைப் பல்லி உச்சுக்கொட்டுகிறது என்று அவளுக்கு நினைப்பு.

"வீட்டுக்காரர் பின்னாலேயே வர்றார்," என்று சும்மா சமாளித்து, பக்கத்தில் ஓர் இலை போட்டு, பாதித் தோசையைப் பிய்த்து வைத்தாள்.

"ச்சு."

"பிள்ளைங்களும்தான்." இன்னும் மூன்று இலை விழுந்தது. தோசை ஐந்து துண்டானது.

அந்த வழியாக வந்த பெருச்சாளி, "அட, நமக்கு இலையே போட்டாச்சு," என்று குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டது. இலையில் உட்கார்ந்தவர்களை எப்படி எழுப்புவது?

மிச்சத் துண்டோடு எழுந்தவளைப் பார்த்து, "ஏன்க்கா, பாதியிலேயே எழுந்துட்டீங்க?" என்றது பல்லி.

"நீங்க உச்சுக்கொட்டினா எப்படி இறங்கும்?"

"ஐயோ, என் பேச்சே அதுதான்க்கா. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்கன்னு சொன்னேன்."

மூஞ்சூறு விடுவிடுவென்று தன் வளைக்கு நடந்தாள். "என்னம்மா, தனியாவா சாப்பிடப் போறே?" என்று வாய் நிறையத் தோசையோடு கேட்டது பெருச்சாளி.

"ஆமா, தனியாத்தான்," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.